காருக்குக் கூடுதல் விளக்கு: சட்டம் எதுவரை விடுகிறது?

18 ஏப்ரல் 2024 – வந்த கேள்வி

பெங்களூரு பொம்மனஹள்ளியில் குடியிருக்கிறேன், சொந்த ஊர் செங்கம். அம்மா அப்பா அங்கேதான். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து கிளம்பினால் கிருஷ்ணகிரி வரை சிக்கல் இல்லை, நடுவில் தடுப்பு இருக்கிறது. மத்தூர் தாண்டி ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியில்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேன். எதிரே லாரி வந்தால் ரோடு எது, ஓரத்து மண் எது என்றே தெரிவதில்லை. என்னுடையது பேஸ் மாடல் ஹேட்ச்பேக். ஹாலஜன் ஹெட்லைட், ஃபாக் லைட் கிடையாது. பம்பர் மேல் எல்.இ.டி. லைட் பார் மாட்டிவிடலாம், போலீஸ் ஒன்றும் கேட்காது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா அண்ணா? சட்டப்படி எதைப் போடலாம்?

18 ஏப்ரல் 2024, இரவு

லைட் பார் வேண்டாம் தம்பி. போலீஸ் கேட்கிறாரா இல்லையா என்பது அப்புறம். அதில் கீழ்ப்பக்கம் மட்டும் வெளிச்சம் விழ வைக்கும் அமைப்பே கிடையாது. வரிசையாக எல்.இ.டி., எல்லாப் பக்கமும் அடிக்கும். எதிரே வருபவர் உங்களை நோக்கித்தான் வருகிறார், அதே இரண்டு வழிச் சாலையில். அவருக்குக் கண் தெரியாமல் போனால் அவர் வண்டி எங்கே வந்து நிற்கும் என்று யோசியுங்கள்.

நானும் அல்சூரிலிருந்து அதே ரோட்டில்தான் போய் வருகிறேன், மாமனார் வீடு அந்தப் பக்கம். விவரமாக எழுதுகிறேன்.

20 ஏப்ரல் 2024

சட்டத்தை வரிசையாக வைக்கிறேன். பலரும் ஒரு பிரிவை மட்டும் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், இல்லை ஒரு பிரிவை மட்டும் சொல்லி தைரியம் கொடுக்கிறார்கள். மூன்று நான்கையும் சேர்த்து வைத்தால்தான் தெளிவு வரும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகவே விளக்கியது. பெயின்ட் நிறம் போன்ற சிறு மாற்றம் வேறு, வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவது வேறு என்றும் அதில் பிரித்துச் சொல்லியிருக்கிறது.

அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அதன் நான்காவது உட்பிரிவு வண்டி உரிமையாளருக்கானது. அனுமதிக்கப்படாத முறையில் உதிரிப் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘அனுமதிக்கப்படாத முறையில்’ என்பதைக் கவனியுங்கள். விதிக்குள் அடங்கும் விளக்கு இதில் மாட்டாது என்பது என் வாசிப்பு.

சரி, விதி என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989. விதி 105, கார் போன்ற வண்டிகளுக்கு இரண்டு அல்லது நான்கு ஹெட்லைட் என்கிறது. விதி 111, ஸ்பாட் லைட்டையும் தேடு விளக்கையும் முன்பக்கம் மாட்டுவதைத் தடுக்கிறது. விதிவிலக்கான காரணம் இருந்து, பதிவு அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கினால் மட்டும் உண்டு. பம்பர் மேல், கூரை மேல் மாட்டும் பெரும்பாலான சரக்கு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகும்.

இந்த எல்லாவற்றையும் விட நான் முக்கியமாக நினைப்பது விதி 106. முன்னால் வெளிச்சம் காட்டும் எந்த விளக்கும் கீழ் நோக்கியே இருக்க வேண்டும், இல்லை ஓட்டுபவர் வேண்டும்போது கீழே இறக்கவோ அணைத்து டிம்முக்கு மாற்றவோ முடிய வேண்டும். எவ்வளவு கீழே? விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வலது பக்கம் அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால் அது கூசக் கூடாது.  எதிரே வருபவரின் கண்தான் அளவுகோல்.

21 ஏப்ரல் 2024

ஆர்.சி.யில் விளக்குகள் பற்றி ஒரு வரியும் கிடையாதே, பிறகு பிரிவு 52 எப்படிப் பொருந்தும் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒரே காரின் டாப் மாடலில் கம்பெனியே கொடுக்கும் ஃபாக் லைட்டை பேஸ் மாடலில் ஷோரூம் மூலம் மாட்டிக்கொள்வது பாதுகாப்பான வழி என்கிறேன். அந்த மாடலின் விளக்கு அமைப்பு ஏற்கெனவே சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றது. பில்லும் கையில் இருக்கும். வெளிக்கடையில் துளை போட்டு மாட்டியதற்கு இந்த வாதம் நிற்காது.

27 ஏப்ரல் 2024

கூடுதல் விளக்குக்குச் செலவு செய்வதற்கு முன்னால், இருக்கிற விளக்கு முழு வெளிச்சம் தருகிறதா என்று பாருங்கள். இதைச் சொன்னால் பலருக்குச் சலிப்பு. ஆனால் பாதிப் பேருக்கு இங்கேயே தீர்வு கிடைத்துவிடும்.

எச்4 பல்பு 60/55 வாட். அது அந்த வெளிச்சத்தைத் தர, பல்பைச் செருகும் கப்ளர் வரை சரியான வோல்டேஜ் வர வேண்டும். பழைய வண்டிகளில் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாக மெல்லிய வயரில் சுற்றி வருவதற்குள் பாதியில் வோல்டேஜ் விழுந்துவிடும். என் பழைய காரில் இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டர் பேட்டரியில் 14.1 காட்டியது, பல்பு கப்ளரில் 12.4. கேட்டால் சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஹாலஜனில் வெளிச்சம் வோல்டேஜோடு நேர் விகிதத்தில் குறையாது, மடமடவென்று இறங்கும். 10 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். என் வண்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே காணாமல் போயிருந்தது. ரிலே (சின்னக் கரன்டால் பெரிய கரன்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) வைத்து பேட்டரியிலிருந்து நேராக, கொஞ்சம் தடித்த வயரில் கொடுத்ததும் அதே பல்பு வேறு பல்பு மாதிரி எரிந்தது.

புது வண்டிகளில் இந்தப் பிரச்சினை குறைவு. அங்கே பார்க்க வேண்டியது இரண்டு. லென்ஸ் மஞ்சளாகிப் போயிருக்கிறதா? வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஐந்தாறு வருஷத்தில் பிளாஸ்டிக் மங்கிவிடும். டூத்பேஸ்ட் தேய்த்தால் சில வாரம் பளபளக்கும், அவ்வளவுதான். நீர்விட்டு 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாள் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு கொடுத்தால்தான் நிற்கும்.

இரண்டாவது, விளக்கு பார்க்கும் கோணம். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே டிம் லைட்டின் வெட்டுக் கோடு, அதாவது வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் கோடு, சுவரில் விழ வேண்டும். இடது பக்கம் மட்டும் அந்தக் கோடு மேல் நோக்கி ஏறும், அது நம் பக்கத்து ஓரத்தைக் காட்டுவதற்கு. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்றால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், கோடும் மேலே போகும். ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்குமே, அது இதற்குத்தான். ஊருக்குப் போகும்போது திருப்பி வையுங்கள்.

28 ஏப்ரல் 2024

100/90 வாட் பல்பு போடலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. அட்டைப் பெட்டியிலேயே சாலை உபயோகத்துக்கு இல்லை என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் கப்ளர் உருகிப்போனதை நானே கழற்றிப் பார்த்திருக்கிறேன். ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் வேண்டாம். எச்4 பல்புக்குள் டிம் ஃபிலமென்டுக்கு அடியில் ஒரு சின்னத் தகட்டுக் கிண்ணம் இருக்கும். அதுவும் ஃபிலமென்ட் இருக்கும் இடமும் மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தால்தான் வெட்டுக் கோடு விழும். எல்.இ.டி. பல்பில் ஒளி வருகிற இடமே வேறு. ஓட்டுபவருக்கு வெள்ளை வெளேரென்று தெரியும், எதிரே வருபவருக்கு ஒன்றும் தெரியாது.

5 மே 2024

பெங்களூரு ஜே.சி. ரோட்டுக் கடைகளில் ஒரு மத்தியானம் முழுக்க விளக்குகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விற்பவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள், கண்ணாடியில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள்.

வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருந்தால், ஐ.நா. விதிப்படி ஏதோ ஒரு நாடு சோதித்து ஒப்புதல் கொடுத்தது என்று பொருள். 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். நம் ஏ.ஐ.எஸ். (இந்திய வாகனத் துறை) தரநிலைகள் அந்த விதிகளை ஒட்டி எழுதப்பட்டவைதான். வட்டத்துக்குப் பக்கத்தில் ‘பி’ அல்லது ‘எஃப்3’ இருந்தால் முன்பக்க ஃபாக் லைட். ‘எச்ஆர்’ என்றால் ஹாலஜன் ஹை பீம் மட்டும். ‘எச்சிஆர்’ என்றால் ஹை, டிம் இரண்டும். எதுவுமே இல்லாமல் பளபளவென்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மேசை மேல் அடுக்கியிருந்ததில் பெரும்பாலானவை அந்த ரகம்தான்.

முழு ஹெட்லைட் செட் மாற்ற நினைப்பவர்களுக்கு இன்னொன்று. இடது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில், விளக்கை எதிரே நின்று பார்த்தால் வலது பக்கம் காட்டும் அம்புக்குறி பொறித்திருக்கும். அம்பே இல்லாவிட்டால் வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. அதன் வெட்டுக் கோடு வலது பக்கம் ஏறும். நம் ஊரில் வலது பக்கம் யார் வருகிறார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது என்று வாங்கிய புரொஜெக்டர் செட் ஒன்றில் இதைப் பார்த்தேன். வாங்கியவர் ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார். திருப்பி அனுப்பச் சொன்னேன், அனுப்பிவிட்டார்.

6 மே 2024

ஃபாக் லைட்டுக்கும் ஹை பீமோடு சேர்ந்து எரியும் டிரைவிங் லைட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கமாக: ஃபாக் லைட் அகலமாக, கிட்டத்தில், தாழ்வாக அடிக்கும். டிரைவிங் லைட் குறுகலாக, தூரமாக அடிக்கும்.

ஃபாக் லைட்டைத் தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் கீழே இறக்கக் கூடாது, டிம் லைட்டைவிட உயரத்தில் ஏற்றவும் கூடாது. வண்டியின் வெளி ஓரத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வெள்ளை அல்லது மஞ்சள். தனி சுவிட்ச் வேண்டும், ஹெட்லைட் ஹை ஆனாலும் டிம் ஆனாலும் அதைத் தனியாகப் போட்டு அணைக்க முடிய வேண்டும்.

டிரைவிங் லைட் விஷயம் நேர் எதிர். விதி நான்கு ஹெட்லைட் வரை விடுவதால், இரண்டு மட்டுமே உள்ள வண்டியில் இன்னொரு ஜோடிக்குக் கொள்கையளவில் இடம் இருக்கிறது. ஆனால் டிம் போட்ட அந்த நொடியே அதுவும் கூடவே அணைய வேண்டும். அதற்கு ரிலேயை இயக்கும் 86ஆம் முனைக்கு ஹை பீம் வயரிலிருந்துதான் கரன்ட் எடுக்க வேண்டும். தனி சுவிட்சை மட்டும் நம்பி வயரிங் செய்தால், களைப்பில் ஒரு நாள் அணைக்க மறந்துபோகும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. மாட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுவதும் நல்லது.

3 ஜூன் 2024

பாலக்காடு பக்கம் போகிறவர்கள் கவனியுங்கள். வண்டியில் செய்யும் சட்டவிரோத மாற்றங்களைக் கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் என்பதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லியிருக்கிறது. நான்கு லைட் என்றால் எப்படி எண்ணுவார்கள் என்று கேட்டு எனக்குத் தனியாக எழுதியிருந்தார் ஒருவர். எண்ணுகிற நிலைமைக்கே வண்டியைக் கொண்டுபோகாதீர்கள்.

2 ஜூலை 2024

நேற்று முதல் கர்நாடகத்தில் கண் கூசும் எல்.இ.டி. விளக்குகளுக்கு எதிராகப் போலீஸ் நடவடிக்கை தொடங்கிவிட்டது. கூடுதல் டி.ஜி.பி. அலோக் குமார் உத்தரவு. பிரிவு 177, முதல் தடவை 500 ரூபாய். பம்பரில் பல்லைக் காட்டிக்கொண்டு திரியும் லைட் பார்களுக்கு இது வரவேண்டியதுதான், மனதார வரவேற்கிறேன். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ராத்திரி எதிர்த்திசையிலிருந்து வரும் வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் யாரும் இதை எதிர்க்க மாட்டார்கள்.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. கம்பெனியிலிருந்தே எல்.இ.டி. ஹெட்லைட்டோடு வரும் உயரமான வண்டிகளைக் கண்ணால் பார்த்து எப்படிப் பிரிப்பார்கள்? அவற்றில் பல வண்டிகளில் கோணம் சரியில்லாமல்தான் கூசுகிறது, விளக்கு சட்டவிரோதமானது என்பதால் இல்லை. ஒவ்வொரு எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையிலும், ஒவ்வொரு சர்வீஸிலும் ஹெட்லைட் கோணத்தை அளக்கும் கருவி வைத்துப் பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் இதை எழுதச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் செய்கிறார்கள்.

14 ஜூலை 2024

“எல்லாரும் ஹை பீம்லதான் வர்றான், நான் மட்டும் டிம் பண்ணி குழியில விழணுமா?”

இந்தக் கேள்வி கோபத்தில் வந்தது என்று தெரியும், அந்தக் கோபம் எனக்கும் உண்டு. என் மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது, ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆனவர். விடிவதற்கு முன்னால் டி.வி.எஸ். 50-இல் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போவார். எதிரே வெள்ளை வெளிச்சம் வந்தால் வண்டியை மண்ணில் இறக்கி, ஒரு காலை ஊன்றி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நின்றுவிடுவார். அந்த வண்டி போன பிறகும் உடனே கிளம்ப மாட்டார். வயதான கண்ணுக்குப் பழைய இருட்டு பழகப் பல நொடிகள் ஆகும். “ஒரு வண்டி போனா பரவால்ல மாப்ள, பின்னாலயே இன்னொன்னு வருது” என்பார்.

மொபெட்டில் உட்கார்ந்திருப்பவர் கண் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். விதி 106 சொல்கிற அதே உயரம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் வருகிறது.

குழிக்கு வருவோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆபத்தைப் பார்த்து, பிரேக் மிதித்து, வண்டி நிற்க 45 மீட்டர் ஆகும். 80-இல் போனால் 70 மீட்டரை நெருங்கிவிடும். நல்ல டிம் லைட் உங்களுக்கு ஐம்பது, அறுபது மீட்டர் காட்டும். இரண்டு வழிச் சாலையில், எதிரே வண்டி வரும் நேரத்தில், 60-க்குள் இருந்தால் பார்க்கும் தூரத்துக்குள் நிற்க முடியும். 80-இல் போவதற்கு எந்தக் கூடுதல் விளக்கும் சட்டப்படி உதவாது, ஏனென்றால் எதிரே வண்டி வரும்போது எரிய அனுமதி உள்ளது டிம்மும் ஃபாக்கும் மட்டுமே. கண்ணை அந்த வெளிச்சத்தில் வைக்காமல் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டில் வையுங்கள், வேகத்தைக் குறையுங்கள். இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

11 ஆகஸ்ட் 2024

மஞ்சளா வெள்ளையா என்ற சண்டை ஓயவில்லை.

பனித்துளி ஒளி அலையைவிட மிகப் பெரியது. அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பது நாம் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு. பிரான்சில் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை எல்லா வண்டிக்கும் மஞ்சள் விளக்கே கட்டாயமாக இருந்தது, பிறகு கைவிட்டுவிட்டார்கள். பனியில் உதவுவது விளக்கு தாழ்வாக இருப்பதும், மேல்பக்கம் சுத்தமாக வெட்டுப்பட்டிருப்பதும்தான். உயரத்திலிருந்து அடிக்கும் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும்.

இருந்தாலும் நான் மஞ்சள்தான் வைத்திருக்கிறேன். நீலம் கலந்த வெள்ளையைவிடக் கண்ணுக்கு இதமாக இருக்கிறது, மழை ஈரத்தில் தார் ரோட்டின் மேடு பள்ளம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிற மாதிரி எனக்குப் படுகிறது. இது என் கண்ணுக்குப் பட்டது, அவ்வளவே.

22 செப்டம்பர் 2024

கேள்வி கேட்ட தம்பி ஷோரூமில் டாப் மாடலின் ஃபாக் லைட் செட்டை வாங்கிவிட்டார். விளக்கு ஜோடி, பம்பர் மூடிக்குப் பதிலான ஃபிரேம், வயரிங், சுவிட்ச் எல்லாம் ஒரே பெட்டியில். மாட்டும்போது பக்கத்தில் இருந்தேன். பம்பரில் ஏற்கெனவே இடம் விட்டு, மூடி போட்டு அடைத்திருந்தார்கள், ஒரு துளையும் புதிதாகப் போட வேண்டியிருக்கவில்லை.

எலக்ட்ரீஷியன் நல்ல கைகாரர். ஆனாலும் இரண்டு இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வயர் நுழையும் தகட்டுத் துளையில் ரப்பர் புஷ் போடாமல் விடப் பார்த்தார். அந்தத் தகட்டு விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், குலுங்கிக் குலுங்கி இன்சுலேஷனை அறுத்துவிடும். அப்புறம் ஃப்யூஸை ரிலே பக்கத்தில் வைத்தார். அது பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வரைக்கும் உள்ள வயர் உரசி ஷார்ட் ஆனால் காப்பாற்ற ஒன்றுமே கிடையாது.

தனியாக வயரிங் செய்பவர்களுக்கு, ரிலேயின் முனைகள்: 30 பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக, 87 விளக்குக்கு, 85 எர்த், 86 சுவிட்சிலிருந்து. 55 வாட் இரண்டு விளக்கு என்றால் ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 15 ஆம்பியர் ஃப்யூஸும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் வேண்டும். எர்த் முனையை பெயின்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஃபாக் லைட் மங்கலாக எரிகிறது என்று வரும் புகாரில் பெரும்பாலும் குற்றவாளி எர்த்தான்.

8 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு அந்த ரோட்டில் போய் வந்தேன். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துப் போனதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வடிந்துவிட்டது. ஆனால் பல இடத்தில் தார் முடியும் இடத்தில் மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. வெள்ளைக் கோடு சில இடத்தில் சேற்றுக்கு அடியில். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் ஒரு முழம் பள்ளம்.

இந்த இடத்தில் ஃபாக் லைட் நூற்றுக்கு நூறு உதவியது. எதிரே பஸ் வந்து ஓரம் கட்ட வேண்டியிருந்தபோது, தார் விளிம்பின் நிழல் கோடு போட்ட மாதிரித் தெரிந்தது. ஹெட்லைட்டில் அது தெரியாது, உயரத்திலிருந்து அடிப்பதால் நிழல் விழாது. தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிறவர்கள் 13ஆம் தேதி கூட்டத்தில் சிக்காமல் பகலிலேயே போய்ச் சேரப் பாருங்கள். ஓரத்தில் நடந்து போகிறவர்கள் ஏராளமாக இருப்பார்கள்.

19 ஜனவரி 2025

பொங்கலுக்குப் போய் வந்தபின் மறுபடி யோசித்தேன். ஏப்ரலில் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஃபாக் லைட்டை எப்போதும் எரிய விடுவது நல்லதில்லை. மழையில்லாத, தெளிவான இரவில் வண்டிக்கு முன்னால் பத்து மீட்டரில் பிரகாசமாக வெளிச்சம் விழுந்தால் கண்மணி சுருங்கிவிடும். தூரத்தில் இருக்கிற இருட்டு இன்னும் இருட்டாகத் தெரியும். கிட்டத்தில் பளிச்சென்று தெரிவதால் நன்றாகத் தெரிகிறது என்று மனம் நம்பிவிடும், வேகமும் தானாக ஏறும். கிருஷ்ணகிரி தாண்டி நேரான, காலியான ரோட்டில் ஃபாக்கை அணைத்துவிட்டு ஹை பீமில் ஓட்டிப் பார்த்தேன். சாலையோர மைல் கல் முன்பைவிடத் தூரத்திலேயே கண்ணில் பட்டது. இப்போது பனி, மழை, மோசமான ஓரம், வளைவு, இந்த நேரங்களில் மட்டும் போடுகிறேன்.

அதோடு, முன் கண்ணாடியின் உள்பக்கம். வெளியே எத்தனை தடவை துடைத்தாலும், டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி உள்பக்கம் படலமாகப் படியும். எதிர் வெளிச்சம் அதில் பட்டுப் பரவித்தான் பாதிக் கூச்சம் வருகிறது. கிளம்புவதற்கு முன் ஈரத் துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை. செலவே இல்லை.

26 ஜனவரி 2025

கடைசியாக இரண்டு கேள்விகள் தேங்கியிருந்தன.

முன்பக்கம் குழாய் கார்டு போட்டு அதில் விளக்கு மாட்டலாமா? குழாய் கார்டே கூடாது. 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவர் மேல் பட்டால் அவர் பிழைப்பது கஷ்டம், ஏர்பேக் வேலை செய்வதிலும் குளறுபடி வரும்.

இன்ஷூரன்ஸ்? கம்பெனி செட்டாக இருந்தாலும் மாட்டியதும் பாலிசிக்காரர்களுக்கு ஒரு மெயில் போட்டு, பில்லை இணைத்துவிடுங்கள். அவர்கள் பதிலை அச்செடுத்து ஆர்.சி.யோடு வண்டியிலேயே வையுங்கள். தம்பி அப்படித்தான் செய்திருக்கிறார். அத்திப்பள்ளி செக்போஸ்ட் பக்கம் ஒருமுறை நிறுத்தி விளக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பில்லையும், பம்பருக்குள்ளேயே விளக்கு உட்கார்ந்திருப்பதையும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்களாம்.